பெற்றோல் விற்பவரிடமே விதி கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

சில நாடுகளில் பெற்றோல், டீசல் விற்கும் கம்பனிகள், அந்த எண்ணெய் எரிந்து வெளிவரும் காபனுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிடுகிறேன். தேங்காய் விலை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ். கே., வெள்ளவத்தை: என் மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். அங்கே பெற்றோல் விலைக்குள் காபன் செலவும் இருக்கிறதாம். அந்த விதிகளை எழுதும்போது எண்ணெய்க் கம்பனிக்காரரையே கூப்பிட்டு ஆலோசனை கேட்டார்களாம். இது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை இல்லையா, ஐயா?

பூனைதான், சந்தேகமில்லை. ஆனால் பால் எந்தச் சட்டியில், எந்த அலுமாரியில் இருக்கிறது என்பது பூனைக்குத்தானே தெரியும்?

முதலில் ஏற்பாடு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஓர் அலகு. எரிபொருளை நாட்டுக்குள் கொண்டுவருபவர், அது எரிந்தால் எத்தனை தொன் வெளிவருமோ அத்தனை அலகுகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அலகுகளைச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். அந்தச் செலவு லீற்றர் விலையில் ஏறி உங்கள் மகனிடம் வந்து சேரும். நியூசிலாந்தில் போக்குவரத்து எரிபொருள் இதற்குள் வந்தது 2010 ஜூலை 1 ஆம் திகதி.

கார் ஓட்டுபவரை விட்டுவிட்டு ஏன் கம்பனியைப் பிடிக்கிறார்கள்? நம் நாட்டையே பாருங்கள். பதிவான வாகனங்கள் 80 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சைலன்சருக்குப் பின்னாலும் ஓர் அதிகாரியை நிறுத்த முடியுமா? ஆனால் எண்ணெய் உள்ளே வரும் வாசல்கள் கொஞ்சம்தான். முக்கியமானவை: கொழும்புத் துறைமுகக் குழாய், முத்துராஜவெலவுக்குக் கடலடியில் வரும் குழாய், சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாசல். அங்கே நின்று அளந்தால் போதும். நியூசிலாந்திலும் அதைத்தான் செய்தார்கள். மார்ஸ்டன் பொயின்ட் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும் இறக்குமதித் துறையிலும் அளந்தார்கள். 2022 இல் அந்தச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டு வெறும் இறக்குமதி முனையமானதும் கணக்கு இன்னும் எளிதாகிவிட்டது.

வாசலில் நின்று அளப்பது என்று சொல்வது சுலபம். நான் கொலன்னாவைப் பக்கம் எரிபொருள் கணக்கு எழுதிப் பிழைத்தவன், அதனால் சொல்கிறேன். 6,600 லீற்றர் பவுசர் ஒன்று வந்து நிற்கிறது. மேலே ஏறி, மூடியைத் திறந்து, டிப் ஸ்டிக்கை நேராக இறக்குவோம். நனைந்த கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கோலின் நுனியில் பூசிய பசை நிறம் மாறியிருந்தால் அடியில் தண்ணீர். பிறகு வெப்பமானியைக் கயிற்றில் இறக்குவோம். இது எதற்கு என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் கேட்பார்கள். பெற்றோல் சூட்டில் விரியும். உலக வணிகத்தில் அதை 15 பாகை வெப்பத்துக்கு மாற்றித்தான் கணக்கெழுதுவார்கள். கொழும்பு வெயிலில் 30 பாகையில் 6,600 லீற்றர் காட்டும் பெற்றோலை 15 பாகைக்கு மாற்றினால் ஏறக்குறைய 120 லீற்றர் குறைந்துவிடும். யாரும் திருடவில்லை, எங்கும் கசியவில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். அப்படியென்றால் ஒரே பவுசரில் ஏறக்குறைய 275 கிலோ வித்தியாசம். எந்த வெப்பநிலைக்குக் கணக்கு என்று விதியில் ஒரு சொல் விட்டுப்போனால், ஆண்டு முடிவில் வழக்கறிஞர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

இன்னொன்று. விமான எரிபொருள் ஒரே தாங்கியில்தான் கிடக்கும். அதில் கொஞ்சம் கட்டுநாயக்கவிலிருந்து துபாய்க்குப் பறக்கும், கொஞ்சம் இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கான எரிபொருளை இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் உள்நாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நியூசிலாந்தும் சேர்ப்பதில்லை. சரி, அந்தத் தாங்கியை எந்த இடத்தில், எந்தச் சீட்டை வைத்துப் பிரிப்பது? கப்பலுக்கு ஏற்றும் எண்ணெய், பெற்றோலில் கலந்த எதனோல், விதி தொடங்கும் நள்ளிரவில் ஏற்கெனவே தாங்கிக்குள் கிடக்கும் சரக்கு... அமைச்சில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் கனவிலும் வராது. தாங்கியோடு வாழ்பவனைத்தான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் பூனைக்கு வருவோம். எப்படி அளப்பது என்று கேட்கும்வரை அவர்கள் நல்ல ஆலோசகர்கள். உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்ட நிமிடம் அவர்கள் வியாபாரிகள். ஐரோப்பாவில் 2005 இல் மின் நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இந்தச் சந்தை தொடங்கியபோது அலகுகளை ஏறக்குறைய எல்லாம் இலவசமாகவே கொடுத்தார்கள். எவ்வளவு தேவை என்பதற்கு, பெரும்பாலும் தொழில்துறையே சொன்ன எதிர்பார்ப்புகள்தான் ஆதாரம். 2006 ஏப்ரலில் உண்மையான உமிழ்வுக் கணக்கு வந்தது. கொடுத்த அலகுகள் தேவையை விட அதிகம். 30 யூரோவைத் தொட்டிருந்த விலை பொத்தென்று விழுந்து, 2007 இல் காசுக்குப் பெறாமல் போய்விட்டது. அதற்கிடையில் மின் கம்பனிகள் இலவசமாய்க் கிடைத்த அலகுக்கும் ஒரு விலை வைத்து, அதை மின் கட்டணத்தில் ஏற்றி இலாபம் பார்த்துக்கொண்டன.

நியூசிலாந்துக்காரர் இதில் கெட்டித்தனமாக இருந்தார்கள். எரிபொருள் விற்பவருக்கு இலவச அலகு ஒன்றும் கொடுக்கவில்லை. செலவை அப்படியே வாடிக்கையாளரிடம் தள்ளிவிடக்கூடியவருக்கு எதற்கு நன்கொடை? ஆனால் தொடங்கும் நாள் மட்டும் பந்தாடப்பட்டது. முதலில் 2009 என்றார்கள், பிறகு 2011 என்றார்கள். 2008 இல் ஆட்சி மாறிய பிறகு 2010 நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே இரண்டு தொன்னுக்கு ஓர் அலகு கொடுத்தால் போதும் என்று பாதித் தள்ளுபடி, அலகுக்கு 25 நியூசிலாந்து டொலர் என்று உச்ச விலை. பெற்றோலுக்குக் கணக்குப் பார்த்தால் லீற்றருக்கு 3 சதம் மாதிரி வரும். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தது கம்பனிக்காரர் ஆலோசனை சொன்ன தொழில்நுட்பக் குழு அல்ல, பாராளுமன்றம். ஆகவே மகனிடம் சொல்லுங்கள், கோபத்தைச் சரியான முகவரிக்கு அனுப்பச் சொல்லி.

ஆர். பி., பம்பலப்பிட்டி: குழுவுக்குள் இருந்து ஆலோசனை சொல்லிவிட்டு, வெளியே வந்து அதே விதியை எதிர்த்தால்?

எதிர்ப்பார்கள், தம்பி. அதை எதிர்பார்த்தே குழுவை அமைக்க வேண்டும். கலிஃபோர்னியா நல்ல உதாரணம். 2006 இல் அங்கே காலநிலைச் சட்டம் நிறைவேறியது. 2010 இல் அதை நிறுத்திவைக்கக் கேட்டு மக்கள் வாக்கெடுப்புக்கு ஒரு முன்மொழிவு வந்தது. வேலையின்மை 5.5 வீதத்துக்குக் குறைந்து ஓராண்டு அப்படியே நிற்கும்வரை சட்டம் தூங்கட்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பெரிய அளவில் பணம் போட்டவை வலேரோ, டெசோரோ என்ற இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கம்பனிகள். மக்கள் தோற்கடித்தார்கள். 2015 ஜனவரி 1 இல் பெற்றோலும் டீசலும் சந்தைக்குள் வந்தன. அதற்கு முந்தைய மாதங்களில் ‘மறைமுக வரி’ என்று எண்ணெய்த் துறை மறுபடி ஒரு கூச்சல் போட்டுப் பார்த்தது.

எனக்கு அங்கே பிடித்த விஷயம் வேறு. அந்த 2006 சட்டமே இரண்டு ஆலோசனைக் குழுக்களைக் கேட்டிருந்தது. ஒன்று தொழில்நுட்பம், பொருளாதாரம் தெரிந்தவர்களுக்கு. மற்றது சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் பக்கத்தில் புகையைச் சுவாசித்து வாழும் ஏழைக் குடியிருப்புகளின் சார்பில் பேச. இந்த இரண்டாவது குழு அரசுக்குப் பெரிய தலையிடி. காபன் சந்தையே வேண்டாம் என்றுகூடப் பலமுறை வாதாடியிருக்கிறது. இருக்கட்டும். தலையிடி தராத குழுவுக்கு எதற்குச் சம்பளம்?

ஓட்டோ ஓட்டும் வாசகர், மருதானை: மாதக் கடைசி இரவில் விலை அறிவிப்பு வரும்வரை நாங்கள் போனைப் பார்த்தபடி இருக்கிறோம். இதுவும் சேர்ந்தால் லீற்றருக்கு எவ்வளவு கூடும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

சுற்றி வளைக்காமல்: தொன்னுக்கு 10 டொலர் என்று வைத்து, டொலரை 300 ரூபாய் என்று வட்டமாக எடுத்தால், பெற்றோல் லீற்றருக்கு 7 ரூபாய், டீசலுக்கு 8 ரூபாய். டீசல் லீற்றருக்குச் சுமார் 2.7 கிலோ விடும், அதுதான் ஒரு ரூபாய் கூட. ஜேர்மனி 2021 இல் தொன்னுக்கு 25 யூரோவில் தொடங்கி 2025 இல் 55 யூரோவுக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கை இங்கே போட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது, விடுங்கள்.

இலங்கையில் அப்படி ஒரு சந்தை கிடையாது. நம் நாட்டில் ஓர் ஆள் ஆண்டுக்கு விடும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய ஒரு தொன்தான். நியூசிலாந்துக்காரர் அதைப்போல் பல மடங்கு விடுகிறார். ஆகவே ‘அங்கே இருக்கிறது, இங்கேயும் வேண்டும்’ என்று யாராவது அவசரப்பட்டால் நானே உங்களோடு வீதிக்கு வருகிறேன். ஆனால் இந்தப் பேச்சு என்றாவது ஒருநாள் இங்கேயும் வரும். அன்றைக்கு மேசையில் யார் உட்கார வேண்டும் என்று இன்றைக்கே யோசித்து வைத்தால் நட்டம் ஒன்றுமில்லை.

எம். ஜே., புறக்கோட்டை: நான் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் கொள்கலன் பில்லில் உமிழ்வு மேலதிகக் கட்டணம் என்று ஒரு வரி வருகிறது. நாம் ஏன் கட்ட வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் கப்பல்களையும் தன் சந்தைக்குள் கொண்டுவந்துவிட்டது. 5,000 தொன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பயணத்தில் பாதி உமிழ்வுக்குக் கணக்கு. அதிலும் 2024 க்கு 40 வீதம், 2025 க்கு 70 வீதம், 2026 இலிருந்து முழுவதும். கப்பல் கம்பனி அதைப் பில்லில் ஏற்றிவிடுகிறது. பில்லில் அப்படி ஒரு பதிவு இருப்பது சரிதான். ஆனால் தொகை சரியா என்று பாருங்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்கு, தொன்னுக்கு என்ன விலை பிடித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பவருக்கு ஒரு பில், கேட்காதவருக்கு வேறொரு பில் போடுபவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு.

இதில் கொழும்புக்காரர் ரசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. பயணம் என்பது கடைசியாகச் சரக்கு ஏற்றி இறக்கிய துறைமுகத்திலிருந்துதான் கணக்கு. ஷாங்காயிலிருந்து நேரே ரொட்டர்டாம் போனால் முழுத் தூரத்தில் பாதி. வழியில் கொழும்பில் கொள்கலன் இறக்கி ஏற்றினால், கொழும்பிலிருந்து ரொட்டர்டாம் வரையிலான தூரத்தில் பாதி மட்டும். இப்படி எல்லாக் கப்பலும் ஐரோப்பாவின் வாசற்படியில் ஒரு தடவை நின்றுவிட்டுப் போனால் சட்டம் எதற்கு என்று மத்தியதரைக்கடல் துறைமுகங்கள் சண்டை பிடித்தன. அதனால் ஒரு விதி வந்தது: ஐரோப்பியத் துறைமுகத்திலிருந்து 300 கடல் மைலுக்குள் இருந்து, கையாளும் கொள்கலன்களில் 65 வீதத்துக்கு மேல் கப்பல் மாற்றி ஏற்றப்படுபவையாக இருக்கும் அயல் துறைமுகத்தில் கொள்கலன் கப்பல் நின்றாலும் நின்றதாகக் கணக்கில்லை. எகிப்தின் போர்ட் சைட்டும் மொரொக்கோவின் டான்ஜர் மெட்டும் அந்தப் பட்டியலில் ஏறின. கொழும்பு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

சண்டை பிடித்த அந்த ஐரோப்பியத் துறைமுகங்கள் சொல்லியிருக்காவிட்டால் அந்த ஓட்டையைச் சட்டம் எழுதியவர் கண்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். தங்கள் பிழைப்புக்காகத்தான் சொன்னார்கள். சொன்னது உண்மையாகவும் இருந்தது. வெள்ளவத்தை அன்பரும் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

கே. வி., தெமட்டகொடை: 2019 இல் வாகனத்துக்குக் காபன் வரி என்று கட்டினோமே, அது இதுதானா?

இல்லை. அது 2018 நிதிச் சட்டத்தில் வந்தது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும்போது என்ஜினின் அளவையும் வாகனத்தின் வயதையும் பார்த்து வாங்கினார்கள். போர்டிகோவில் உறை போட்டு மூடிய காருக்கும், தினம் கண்டிக்குப் போய்வரும் காருக்கும் ஒரே தொகை. அதிக நாள் நீடிக்காமல் எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு நான் அழவில்லை.

ஒரு மீனவர் குடும்பம், முகத்துவாரம்: பெற்றோல், டீசல் என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் படகுக்கு மண்ணெண்ணெய். எங்களை யார் கூப்பிடுவார்?

அம்மா, வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்த கேள்வி உங்களுடையதுதான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய் மலிவாக இருந்தால் அதை டீசலோடு கலப்பவர்கள் கிளம்புவார்கள், விலை ஏறினால் படகு கரையில் கிடக்கும். இந்த இரண்டு பக்கமும் தெரிந்தவர் கரையில் இருக்கும் நீங்கள்தான். காபன் செலவு வந்தாலும் இதே இடத்தில்தான் முதலில் உறுத்தும்.

நியூசிலாந்தில் மீன்பிடித் துறை போய்ப் பேசியது. எரிபொருள் விலை ஏறுவதை ஈடுசெய்ய 7 லட்சம் அலகுகள் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் யாருக்கு? மீன்பிடி ஒதுக்கீட்டு உரிமை வைத்திருப்பவர்களுக்கு. படகில் வலை இழுக்கும் கூலியாளுக்கு அல்ல. பேசப் போனவர் யாரோ, அவர் கைக்குப் போனது. ஆகவே உங்கள் சார்பில் ஒருவர் போவதென்றால், பல படகு வைத்திருக்கும் முதலாளி ஒருவரை அனுப்பிவிட்டு ‘எங்கள் ஆள் போயிருக்கிறார்’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஒற்றைப் படகுக்காரர் ஒருவர் போக வேண்டும். கரைவலை இழுக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண் போனால் இன்னும் நல்லது.

டி. என்., பல்கலைக்கழக மாணவி, கொழும்பு 7: இலங்கையில் அப்படி ஒரு குழு அமைப்பதென்றால் நீங்கள் யார் யாரைப் போடுவீர்கள்?

என்னிடம் அதிகாரம் கொடுத்துப் பார்க்கிறீர்கள். சரி, போடுகிறேன். பெற்றோலியக் கூட்டுத்தாபனம், லங்கா ஐஓசி, சினோபெக், ஷெல் பெயரில் விற்பவர்கள்: ஆளுக்கு ஒருவர். முகாமையாளர் வேண்டாம், தாங்கியையும் கணக்கையும் தொட்டு வேலை செய்பவர் வேண்டும். முகாமையாளர் வந்தால் படம் காட்டிவிட்டுப் போய்விடுவார். சுங்கத்திலிருந்து ஒருவர், அளவும் தரமும் பார்க்கும் கட்டளைகள் நிறுவனத்திலிருந்து ஒருவர். பெற்றோல் ‘செட்’ நடத்துபவர் ஒருவர். தனியார் பஸ்காரர் ஒருவர், ஓட்டோக்காரர் ஒருவர், முகத்துவாரத்து அம்மா சொன்ன அந்த மீனவர் ஒருவர்.

தலைமை அரச அதிகாரியிடம் இருக்க வேண்டும். இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் எரிபொருள் விற்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். போட்டியாளர்கள் நாலு பேர் ஒரே மேசையில், வெளியார் இல்லாமல், செலவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு மெல்ல விலைக்கு நழுவும். கெட்ட எண்ணமே தேவையில்லை, மனித இயல்பு. ஆகவே நிகழ்ச்சி நிரலில் இல்லாததைப் பேசக்கூடாது. கூட்ட அறிக்கை இரண்டு வாரத்துக்குள் மூன்று மொழியிலும் வெளியாக வேண்டும். குழு சொன்னதில் அரசு எதை ஏற்றது, எதைத் தள்ளியது, ஏன் என்பதும் அதே இடத்தில் வர வேண்டும். குழுவுக்கு வாக்கு கிடையாது, யோசனை மட்டும்தான். எத்தனை அலகு, யாருக்கு இலவசம், எப்போது தொடக்கம் ஆகிய மூன்றும் அந்த அறைக்குள் போகவே கூடாது. அவை பாராளுமன்றத்தில், எல்லோரும் பார்க்க நடக்க வேண்டியவை.

உங்கள் ஆய்வுக்கு ஒரு யோசனை: 15 பாகைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கியிலிருந்து பவுசர், பவுசரிலிருந்து செட், செட்டிலிருந்து வாகனம் என்று போகும் வழியில் எங்கெங்கே வெப்பநிலையைத் திருத்துகிறார்கள், எங்கே அப்படியே விடுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பேராசிரியருக்குப் பிடிக்குமோ தெரியாது, எனக்குப் பிடிக்கும்.

பெயர் வேண்டாம், கிருலப்பனை: ஐயா, குழு, குழு என்கிறீர்கள். கூட்டத்துக்குச் சாப்பாடு யார் செலவு?

சிரித்துவிட்டேன், ஆனால் நியாயமான கேள்வி. கம்பனிக்காரர் கம்பனி வாகனத்தில், சம்பளத்தோடு வருவார். பஸ்காரருக்கு அன்றைய வருமானம் போச்சு, மீனவருக்கு அன்றைய கடல் போச்சு. முதல் கூட்டத்துக்கு வருவார்கள், மூன்றாவதுக்கு அவர்கள் கதிரை காலியாக இருக்கும். கடைசியில் கையெழுத்துப் போடும்போது மேசையில் எண்ணெய் விற்பவர் மட்டும் மிஞ்சுவார். ஆகவே சம்பளம் இல்லாமல் வருபவருக்கு அரசு நாள்கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். கம்பனிக்காரருக்கு ஒன்றும் வேண்டாம். சாப்பாடும் அரசு செலவில்தான். ஹோட்டலில் கூட்டம் வைத்து ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று கம்பனி முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிட வேண்டும். பிளேன்டீயும் மாலு பணிஸும் போதும்.

(அடுத்த இதழில் தேங்காய்.)